‘நாடார்களைப் பாருங்கள்’ என்று அறிவுரை சொல்பவர்களுக்கு: பெட்டிக்கடையின் வரலாற்றிலிருந்து சில பக்கங்கள்

கடன் மேளா, தொழில்முனைவோர் பயிற்சி, சுயஉதவிக் குழுக் கூட்டம் என்று எதுவாக இருந்தாலும், மேடையில் இருக்கும் ஒருவர் எப்படியும் அந்த வாக்கியத்துக்கு வந்து சேர்ந்துவிடுவார். “நாடார்களைப் பாருங்கள். நூறு வருஷத்துக்கு முன்னால் அவர்களையும் கோயிலுக்குள் விடவில்லை. பெட்டிக்கடையில் ஆரம்பித்து இன்றைக்கு எங்கே இருக்கிறார்கள்! உழைப்பும் சிக்கனமும் இருந்தால் நீங்களும் வரலாம்.” கீழே உட்கார்ந்திருக்கும் சேரிப் பெண்கள் தலையாட்டுவார்கள். அதிகாலை 3 மணிக்கு எழுந்து மாவாட்டுகிறவர்களுக்கு உழைப்பைப் பற்றி வகுப்பு நடந்து முடியும்.

இந்த அறிவுரையைக் கேட்டு நமக்குச் சலித்துவிட்டது. ஆனால் சலிப்பு ஒரு பதில் ஆகாது. நாடார் சமூகத்தின் வரலாற்றை உதாரணம் காட்டுபவர்கள் அதை ஒழுங்காகப் படித்துவிட்டுக் காட்டட்டும் என்பதுதான் நம் கோரிக்கை. ஏனென்றால் ஒரு சின்னக் கடை எதனால் பிழைக்கிறது, எதனால் மூடுகிறது என்பதற்கு அந்த வரலாற்றைவிட நல்ல பாடம் தமிழ்நாட்டில் இல்லை. அதில் உழைப்பும் சிக்கனமும் இருக்கின்றன. மேடையில் சொல்லாமல் விடும் வேறு சிலவும் இருக்கின்றன.

பாளையக்காரர் போர்கள் 1801-இல் முடிந்தபின் தென்மாவட்டப் பாதைகளில் வண்டிப் போக்குவரத்து ஓரளவு பாதுகாப்பானது. திருநெல்வேலிப் பக்கமிருந்து கருப்பட்டி, கருவாடு, உப்பு ஏற்றிக்கொண்டு நாடார் வணிகர்கள் வடக்கே மாட்டுவண்டிகளில் வந்தார்கள். வழியில் தங்கும் இடங்களில் அவர்கள் முதலில் கட்டியது பேட்டை. சுற்றுச்சுவர், உள்ளே கிணறு, வண்டி நிறுத்த இடம், சரக்கு வைக்க இடம், சில கடைகள். விருதுநகர், சிவகாசி, அருப்புக்கோட்டை, திருமங்கலம், சாத்தங்குடி, பாலையம்பட்டி ஆகிய ஊர்களில் அவர்கள் நிலைகொண்டது இந்தப் பேட்டைகளை வைத்துத்தான். ஊர்க் கிணற்றில் தண்ணீர் எடுக்க விடமாட்டார்கள் என்ற நிலையில், தனக்கென்று ஒரு கிணறும் ஒரு சுவரும் இல்லாமல் அங்கே வியாபாரம் நடந்திருக்க வழியில்லை.

அடுத்தது மகமை. விற்கிற சரக்கிலும் வந்திறங்கும் வண்டியிலும் சிறு பங்கு பொதுநிதிக்குப் போகும். உறவின்முறை அதை நிர்வகிக்கும். அந்தப் பணத்தில் கிணறு வெட்டினார்கள், கோயில் கட்டினார்கள், பள்ளிக்கூடம் நடத்தினார்கள். விருதுநகரில் 1889-இல் தொடங்கிய சத்திரிய வித்தியாசாலை வீட்டுக்கு வீடு பிடியரிசி திரட்டி வளர்த்த பள்ளி. காமராசர் அங்கே படித்தவர். கமுதிக் கோயில் நுழைவு வழக்கு 1908-இல் லண்டன் பிரிவி கவுன்சில் வரைக்கும் போனது. அதில் நாடார்கள் தோற்றார்கள். ஆனால் லண்டன் வரை வழக்காடும் அளவுக்கு அவர்களுக்குள் பணம் திரண்டிருந்தது என்பதைக் கவனிக்க வேண்டும். 1899-இல் சிவகாசி தாக்கப்பட்டது. அதற்குப் பிறகும் ஊர் காலியாகவில்லை. 1910-இல் நாடார் மகாஜன சங்கம், 1921-இல் தூத்துக்குடியில் நாடார் வங்கி. அந்த வங்கிதான் 1962-இல் தமிழ்நாடு மெர்க்கன்டைல் வங்கி என்று பெயர் மாற்றிக்கொண்டது.

ராபர்ட் ஹார்ட்கிரேவ் 1969-இல் வெளியிட்ட நூலில் இவையெல்லாம் விரிவாக இருக்கின்றன. அதே நூலைப் படித்தால் இன்னொன்றும் தெரியும். தேரிக்காட்டில் பனையேறிக்கொண்டிருந்த நாடார்கள் இந்த ஏற்றத்தில் வெகுகாலம் சேரவில்லை. அவர்களும் உழைத்தவர்கள்தானே? மரத்துக்கு மரம் ஏறி இறங்குவதைவிட என்ன உழைப்பு வேண்டும்? முன்னேறியவர்கள் பேட்டையும் மகமையும் இருந்த ஊர்க்காரர்கள்.

ஆக, அந்தப் பெட்டிக்கடைக்குப் பின்னால் மூன்று விஷயங்கள் நின்றன. யாரும் எழுப்பி விரட்ட முடியாத ஓர் இடம். கையில் காசில்லாத மாதத்திலும் பெயரை நம்பிச் சரக்குத் தரும் ஒருவர். சாதி தெரிந்த பிறகும் வாங்க வருகிற வாடிக்கையாளர். கருப்பட்டியும் உப்பும் கடையில் வாங்கினால் தீட்டில்லை என்று எதிர்ச்சாதியினர் வசதியாக முடிவு செய்துகொண்டார்கள். இந்த மூன்றையும் ஒரு தனிமனிதர் தன் உழைப்பால் உண்டாக்கிக்கொள்ள முடியாது. ஒரு சமூகம் கூடி உண்டாக்கியது. அதற்கான கொஞ்சம் இடைவெளி அவர்களுக்குக் கிடைத்தது.

நமக்கு என்ன கிடைத்தது என்று பார்ப்போம்.

1891-இல் செங்கல்பட்டு கலெக்டர் ட்ரெமன்ஹீர் பறையர்களின் நிலை குறித்து ஓர் அறிக்கை எழுதினார். பஞ்சமி நிலம் பற்றிப் பேசும்போது நாம் அடிக்கடி மேற்கோள் காட்டும் அறிக்கை அது. அதில் நிலத்தைப் பற்றிய பகுதியை எல்லோரும் படிக்கிறோம். வீட்டுமனையைப் பற்றிய பகுதியை அவ்வளவாகக் கவனிப்பதில்லை. சேரிக்காரர் குடியிருந்த குடிசையின் அடிமண்ணே மிராசுதாருக்குச் சொந்தம் என்று உரிமை கொண்டாடப்பட்ட காலம். கூலி கூட்டிக் கேட்டாலோ, வேறு பண்ணைக்கு வேலைக்குப் போனாலோ, வீட்டைப் பிரித்துக்கொண்டு போ என்று சொல்ல முடியும். குடியிருக்கும் இடமே அடுத்தவன் தயவில் என்றால் திண்ணையில் ஒரு தட்டுப் பலகை போட்டு வெற்றிலை பாக்கு விற்பதும் அவன் தயவில்தான். அடமானம் வைக்க மனை இல்லை. எனவே கடனும் பண்ணையாரிடம்தான். அந்தக் கடன் தொழிலுக்கான முதல் ஆகாது. அது ஆளையே கட்டிப்போடும் கயிறு.

இன்னொரு தடை கூலி. படியாளுக்குக் கூலி நெல்லாகவும் கம்பாகவும் களத்தில் அளக்கப்பட்டது. கையில் காசு வருவது அபூர்வம். வாங்குகிறவர்கள் கையில் காசு புழங்காத தெருவில் கடை எப்படி நடக்கும்? சேரிக்குள் கடை இருந்ததில்லை என்பதைச் சோம்பலின் அடையாளமாகப் பேசுபவர்களுக்கு இந்தச் சின்னக் கணக்குப் புரிந்தாலே போதும்.

1930-க்கு வருவோம். மேலே சொன்ன ஊர்களில் பெரும்பாலானவை இருந்த அதே ராமநாதபுரம் மாவட்டத்தில், அந்த ஆண்டு டிசம்பரில், ஆதிதிராவிடர்கள் மீது கள்ளர்கள் 8 தடைகளை விதித்தார்கள். ஜே. எச். ஹட்டன் அதைப் பட்டியலாகவே பதிவு செய்திருக்கிறார். அந்தப் பட்டியலை மானம், மரியாதை சார்ந்த அவமதிப்பாக மட்டுமே நாம் இதுவரை வாசித்திருக்கிறோம். ஒரு கடைக்காரரின் கண்ணோடு ஒருமுறை வாசித்துப் பாருங்கள். பொன், வெள்ளி நகை அணியக்கூடாது. சட்டை, கோட்டு, பனியன் போடக்கூடாது. ஆண்கள் முழங்காலுக்குக் கீழே வேட்டி கட்டக்கூடாது. முடி கத்தரித்துக்கொள்ளக்கூடாது. வீட்டில் மண்பாண்டம் தவிர வேறு பாத்திரம் புழங்கக்கூடாது. பெண்கள் ரவிக்கை, தாவணி அணியக்கூடாது. பூவும் மஞ்சளும் கூடாது. குடை பிடிக்கக்கூடாது, செருப்புப் போடக்கூடாது.

இந்தத் தெருவில் யாராவது துணிக்கடை வைக்க முடியுமா? பாத்திரக்கடை? சலூன்? பூக்கடை? செருப்புக்கடை? கிராமத்துச் சில்லறை வியாபாரத்தில் என்னென்ன சரக்கு உண்டோ, அதில் பெரும்பகுதி இந்தப் பட்டியலில் இருக்கிறது. தடை போட்டவர்கள் வியாபாரத்தை நினைத்துப் போடவில்லை. ஆனால் ஒரு சமூகம் எதையும் வாங்கக்கூடாது என்று விதித்தால், அந்தச் சமூகத்துக்குள் யாரும் எதையும் விற்க முடியாமல் போகிறது. அடுத்த ஆண்டு, 1931-இல், 11 தடைகளாக இன்னொரு பட்டியல் வந்தது. சொந்த நிலத்தை மிராசுதார்களுக்கு மலிவு விலைக்கு விற்றுவிட வேண்டும் என்பது அதில் ஒன்று. சின்னதாக ஏதாவது முதல் சேர்ந்திருந்தால் அதையும் பிடுங்கிக்கொள்ளும் ஏற்பாடு.

ஒரே மாவட்டம். ஒரு பக்கம் வங்கி தொடங்கிவிட்ட சமூகம். இன்னொரு பக்கம் குடை பிடித்தால் அடி. இரண்டையும் ஒரே கோட்டில் நிறுத்தி ‘அவர்களைப் பார்’ என்று சொல்ல ஒருவருக்கு எவ்வளவு அறியாமை வேண்டும்!

நமக்கு விற்கிற பொருளே இல்லை என்று சொல்லிவிடவும் முடியாது. தோல் இருந்தது. கொங்குப் பகுதியில் கமலை இறைப்புக்கான தோல் பறியைத் தைத்துக் கொடுத்தவர்கள் அருந்ததியர்கள். மோட்டார் பம்பு வரும்வரை கிணற்றுப் பாசனமே அந்தப் பறியை நம்பித்தான் இருந்தது. அவ்வளவு அவசியமான பொருளைச் செய்தவர் அதை விலை சொல்லி விற்றாரா? இல்லை. இன்ன காட்டுக்காரருக்கு இன்ன குடும்பம் என்று வழக்கம். செத்த மாட்டின் தோல் அவருக்கு, பறியும் செருப்பும் பண்ணைக்கு, கூலி களத்தில் தானியமாக. பக்கத்துக் காட்டுக்காரர் கூடுதலாகத் தருகிறார் என்று அங்கே போய் விற்க முடியாது. சந்தை இல்லாத இடத்தில் கைத்திறன் மட்டும் இருந்தது. 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் சென்னை மாகாணத்துப் பதனிட்ட தோலுக்கு வெளிநாட்டுச் சந்தை பெருகி, தோலுக்கு உண்மையிலேயே நல்ல விலை வந்தபோது, தொழில் முதலும் கப்பல் தொடர்பும் உள்ள வணிகர்களின் கைக்குப் போனது. தோலின் நெளிவுசுளிவு தெரிந்தவர்கள் அந்தத் தோல் மண்டிகளில் கூலிகளாக நின்றார்கள். தீட்டு என்று ஒதுக்கிய பொருள் லாபம் தரத் தொடங்கியதும் அதன் தீட்டு எப்படிக் கழிந்தது என்பது தனியாக எழுத வேண்டிய கதை.

இடமும் காசும் வாடிக்கையாளரும் கொஞ்சம் மாறிய இடங்களில் என்ன நடந்தது? ரங்கூனைப் பாருங்கள். சென்னை வேப்பேரியில் 1858-இல் பிறந்த பெ. மா. மதுரைப்பிள்ளை, அங்கே கப்பல் சரக்கு ஏற்றி இறக்கும் ஒப்பந்தத் தொழிலில் பெரும் வணிகராக உயர்ந்தார். அன்னை மீனாம்பாள் சிவராஜின் தாய்வழித் தாத்தா அவர். கப்பல் கம்பெனிக்காரனுக்கு வேண்டியது சரக்கு நேரத்துக்கு இறங்குவது. இறக்குகிறவர் எந்தச் சேரி என்பது அவனுக்கு ஒரு பொருட்டில்லை. அதே மனிதர் செங்கல்பட்டு மிராசு கிராமம் ஒன்றில் பிறந்து அங்கேயே இருந்திருந்தால் என்ன ஆகியிருப்பார் என்று நாம் ஊகிக்கத் தேவையில்லை. ட்ரெமன்ஹீர் அறிக்கையே போதும்.

கோலார் தங்கவயலும் அப்படித்தான். சுரங்கத்தில் கூலி ரொக்கமாகக் கிடைத்தது. ஊர்த்தெரு என்று தனியாக ஒன்று இல்லாத குடியிருப்புகளில் நம் மக்கள் ஆயிரக்கணக்கில் சேர்ந்து வாழ்ந்தார்கள். பண்டிதர் அயோத்திதாசர் 1907-இல் ராயப்பேட்டையிலிருந்து ‘ஒரு பைசாத் தமிழன்’ இதழைத் தொடங்கினார். அடுத்த ஆண்டு அது ‘தமிழன்’ ஆனது. பத்திரிகை என்றால் கருத்து மட்டும்தான் என்று நினைக்கிறோம். அதுவும் அச்சுக்கூலி, தாள்விலை, சந்தா பாக்கி என்று தினம் தினம் பிழைக்க வேண்டிய சிறுதொழில்தான். 1914-இல் பண்டிதர் மறைந்த பிறகும் அவருடைய எழுத்துகள் நம் கைக்கு வந்து சேர்ந்ததில் தங்கவயல் சித்தார்த்த புத்தகசாலைக்குப் பெரும் பங்கு உண்டு. மாதம் பிறந்தால் கையில் காசு வரும் வாசகர்கள் இருந்த ஊரில் ஒரு பதிப்பகம் பிழைத்திருக்கிறது.

மூன்றாவது விஷயமான வாடிக்கையாளரைப் பற்றிப் பேசும்போது பாபாசாகேப்பை நினைக்காமல் முடியாது. அவர் ஒரு சிறுதொழில் தொடங்கினார் என்பது நம் தோழர்களிலேயே பலருக்குத் தெரியாது. 1917-இல் லண்டனிலிருந்து திரும்பி, பரோடாவில் தங்க இடம்கூடக் கிடைக்காமல் பம்பாய் வந்த பிறகு, பங்கு வணிகர்களுக்கு ஆலோசனை சொல்லும் ஒரு நிறுவனத்தை அவர் தொடங்கினார். கொலம்பியாவில் பொருளாதாரம் படித்தவர் சொல்லும் ஆலோசனை. ஆரம்பத்தில் ஆட்கள் வந்தார்கள். ஆலோசனை சொல்கிறவர் தீண்டத்தகாதவர் என்று தெரிந்ததும் வரத்து நின்றது. நிறுவனத்தை மூடினார். 1918 நவம்பரில் சிடன்ஹாம் கல்லூரியில் பேராசிரியர் வேலைக்குப் போனார். திறமை, படிப்பு, உழைப்பு என்று பயிற்சி முகாமில் பட்டியலிடும் அத்தனையும் அந்த நிறுவனத்தில் இருந்தன.

கொள்முதலையும் சாதி முடக்கியிருக்கிறது. பம்பாய் அரசு 1928-இல் அமைத்த ஸ்டார்ட் குழுவில் அம்பேத்கரும் உறுப்பினர். 1930-இல் வந்த அதன் அறிக்கை, தாழ்த்தப்பட்டோர் தம் உரிமையைக் கேட்டால் ஊர் முழுவதும் சேர்ந்து புறக்கணிப்பதையும், ஊர்ப் பனியா அத்தியாவசியப் பொருள்களை விற்க மறுப்பதையும் பேசுகிறது. சேரிக்குள் நமக்கென்று ஒரு மளிகைக்கடை இருப்பது ஏன் அரசியல் என்று இதிலிருந்து புரிந்துகொள்ளலாம். ஆனால் அந்தக் கடைக்குச் சரக்குப் போடும் மொத்த வியாபாரியும் ஊர்க்காரர்தான்.

இப்போது நம் காலம். 2005 பொருளாதாரக் கணக்கெடுப்பை வைத்து லட்சுமி ஐயர், தருண் கன்னா, அஷுதோஷ் வர்ஷ்ணே ஆகியோர் 2013-இல் வெளியிட்ட ஆய்வின்படி, நாட்டின் தொழில் நிறுவனங்களில் பட்டியல் சாதியினருக்குச் சொந்தமானவை 9.8 விழுக்காடு. மக்கள்தொகையில் நாம் சுமார் 16 விழுக்காடு. திட்டங்களுக்குக் குறைவில்லை. தாட்கோ 1974-இலிருந்து இருக்கிறது. 2015-இல் முத்ரா, 2016-இல் ஸ்டாண்ட் அப் இந்தியா, 2023-இல் தமிழ்நாடு அரசின் அண்ணல் அம்பேத்கர் தொழில் முன்னோடிகள் திட்டம். மத்திய அரசுத் துறைகள் தங்கள் கொள்முதலில் 4 விழுக்காட்டைப் பட்டியல் சாதி, பழங்குடித் தொழில்முனைவோரிடம் வாங்க வேண்டும் என்று 2012 ஆணை சொல்கிறது. இவற்றை நாம் எதிர்க்கவில்லை, போராடிப் பெற்றவை இவற்றில் உண்டு. ஆனால் ஸ்டாண்ட் அப் இந்தியாவின் குறைந்தபட்சக் கடனே 10 லட்சம் ரூபாயாக இருந்தது. இட்லிக்கடைக்காரர் அந்த வாசலுக்கே போகமாட்டார். அவருக்கு எட்டுவது முத்ராவின் சிசு பிரிவு, 50,000 ரூபாய் வரை.

அந்த 50,000 கிடைத்த பிறகு என்ன ஆகிறது என்பதை எங்கள் களப்பணியில் திரும்பத் திரும்பப் பார்க்கிறோம். காலனிக்குள் இருக்கும் கடைக்காரர் டவுனில் மொத்த வியாபாரியிடம் போகிறார். அதே மண்டியில் ஊர்த்தெருக் கடைக்காரருக்குச் சரக்கு முதலில், பணம் அடுத்த வாரம். இவருக்குக் கையில் காசு வைத்தால்தான் மூட்டை நகரும். மண்டிக்காரர் சாதி சொல்லித் திட்டுவதில்லை. “உங்களை யாரும்மா தெரியும், யாராவது சொல்லட்டும்” என்பார். சொல்வதற்கான அந்த ‘யாராவது’ ஊர்த்தெருக்காரருக்கு மாமனாகவோ மச்சானாகவோ அதே கடைவீதியில் இருப்பார். நம்மவருக்கு அங்கே யாரும் இல்லை. காலனிக்குத் திரும்பினால் வாங்குகிறவர்கள் நூறுநாள் வேலைக் கூலி எப்போது வரும் என்று காத்திருப்பவர்கள். நோட்டில் எழுதிக்கொள்ளச் சொல்வார்கள். மறுக்க முடியாது, எல்லாம் சொந்தம். வாங்கும்போது ரொக்கம், விற்கும்போது கடன். இந்த இடுக்கில் எவ்வளவு முதல் போட்டாலும் ஆறு மாதத்தில் அது நோட்டுக்குள் போய்விடும்.

பிறகு தண்டல்காரர் வருவார். 9,000 ரூபாய் கையில் தந்து, தினம் 100 வீதம் 100 நாள். கேட்கும்போது ஆயிரம் ரூபாய்தானே என்று தோன்றும். பாக்கி நாளுக்கு நாள் குறைவதையும் சேர்த்துக் கணக்குப் போட்டால் ஆண்டு வட்டி 70 விழுக்காட்டைத் தாண்டுகிறது. கடை மூடுகிற நாளில், வங்கியின் பதிவேட்டில் அது ‘நிர்வாகத் திறமைக் குறைவு’. எங்கள் பகுதியில் ஒரு வங்கி அலுவலர் எங்களிடமே சொன்னார்: “உங்க ஆளுங்களுக்கு வியாபாரம் வராதுங்க.”

உணவுத் தொழில் இன்னும் சிக்கல். அலுமினிய அண்டாவில் பிரியாணி செய்து விற்பவர்கள், இட்லி அவிப்பவர்கள், வடை சுடுபவர்கள் என்று நாங்கள் அறிந்த பெண்கள் நிறையப் பேர். சொந்த ஊரின் ஊர்த்தெருவில் அவர்கள் கையால் சமைத்ததை யாரும் வாங்கமாட்டார்கள். அதனால் 15, 20 கிலோமீட்டர் தள்ளி, யாருக்கும் அடையாளம் தெரியாத டவுன் பேருந்து நிலையத்துக்குப் போகிறார்கள். கடைக்குப் பெயர் வைத்தாலும் முருகன், அம்மன் என்று பொதுவாக வைக்கிறார்கள். உள்ளே அம்பேத்கர் படம் மாட்டலாமா என்று எங்களிடம் யோசனை கேட்டவர்கள் உண்டு. பதில் சொல்லக் கஷ்டமான கேள்வி அது. பம்பாயில் அன்று நடந்த அதே கதை என்று அவர்களுக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை, அவர்களாகவே தெரிந்து வைத்திருக்கிறார்கள்.

இந்தப் பெண்களுக்கு எந்த அரசுத் திட்டம் அதிகம் உதவியது என்று கேட்டால், நாங்கள் கடன் திட்டம் எதையும் சொல்லமாட்டோம். 2021 மே மாதத்திலிருந்து அரசு நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்று ஆனதைத்தான் சொல்வோம். அடையாளம் தெரியாத இடத்துக்குப் போக முன்பு தினமும் கொடுத்துவந்த காசு மிச்சமானது. வியாபாரத் திட்டம் என்று யாரும் அதைக் கணக்கில் எடுப்பதில்லை.

பேட்டைக்கு இணையாக இன்று என்ன கேட்கலாம்? நகராட்சிக் கடைகளிலும் பேருந்து நிலையக் கடைகளிலும் பெண்களுக்கு எட்டும் வாடகையில் இடம். மகமைக்கு இணையாக, மண்டியில் நம்மவருக்காக ‘யாராவது’ சொல்லும் இடத்தில் தாட்கோவோ ஒரு கூட்டுறவுச் சங்கமோ உத்தரவாதம் கொடுப்பது. தனித்தனியாக ஆளுக்கு 50,000 தருவதைவிட, பத்துக் கடைகளுக்கு ஒரே கொள்முதல் சங்கம். இதெல்லாம் புதுக் கண்டுபிடிப்பு இல்லை, விருதுநகர்க்காரர்கள் ஏற்கெனவே செய்து பார்த்தது. நாடார்களைப் பார்க்கச் சொல்கிறவர்கள் இதையும் சேர்த்துப் பார்க்கலாம்.

கடந்த சில மாதங்களாக எங்கள் குழுவில் கடன் மனு எழுதித் தருவதற்கு முன் மூன்று கேள்விகள் கேட்டு ஒரு தாளில் குறித்துக்கொள்கிறோம். கடை போடும் இடம் யாருடையது? சரக்கைக் கடனுக்குத் தர யார் இருக்கிறார்கள்? காலனியைத் தாண்டி யார் வாங்குவார்கள்? மூன்றுக்கும் பதில் இல்லையென்றால், இப்போதைக்குக் கடன் வாங்க வேண்டாம் என்று சொல்லிவிடுகிறோம். அந்தத் தாள்களின் நகலை மாவட்ட அலுவலகம் ஒன்றுக்கும் அனுப்பி வருகிறோம். இந்த மாத இலக்கு இன்னும் எட்டவில்லை, மனுக்களைச் சீக்கிரம் அனுப்பவும் என்று அங்கிருந்து பதில் வந்திருக்கிறது.